துப்பாக்கி ஏந்திய கை எழுதிய வரலாறு

"தெற்கத்தியானுக்குச் சண்டை போடத் தெரியாது!"

இப்படி ஒரு தீர்ப்பு, தோழர்களே, ஒரு காலத்திலே நம் மீது எழுதப்பட்டது. எழுதியவர் தெருவிலே போகிற யாரோ அல்லர். முதலில் சென்னைப் பட்டாளத்துக்கும், பிறகு 1885 முதல் 1893 வரை இந்தியப் பட்டாளம் முழுவதற்கும் தலைமைத் தளபதியாக வீற்றிருந்த ராபர்ட்ஸ் பிரபு! வடமேற்கிலே பிறந்தவன் வீரனாம். தெற்கிலே பிறந்தவன் போர்க்குணம் இழந்தவனாம். "போர் மரபினர்" என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அந்தப் பட்டியலிலே நமக்கு இடமில்லை.

ஆற்காட்டிலே 1751-இல் கிளைவின் பக்கத்திலே நின்று முற்றுகையைத் தாங்கிய சிப்பாய்களிலே நம்மவர் இருந்தார்கள். கப்பலேறி வங்கம் சென்று 1757-இல் பிளாசியிலே நின்றவர்களிலும் சென்னைச் சிப்பாய்கள் இருந்தார்கள். 1806 ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையிலே எழுந்து நின்று வெள்ளையனைக் கதிகலங்க வைத்தவர்களும் சென்னைப் பட்டாளத்துச் சிப்பாய்களே. ஏறி மிதித்து மாடிக்குப் போனவன், போன பிறகு ஏணியைப் பார்த்துச் சொன்னான்: "நீ மரமே அல்ல!"

தீர்ப்பு ஏட்டோடு நிற்கவில்லை. சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1920-களின் இறுதிக்குள் பழைய மதராஸ் காலாட்படை இல்லாமலே போயிற்று. மண்வெட்டியும் துப்பாக்கியும் சேர்த்துப் பிடிக்கும் மதராஸ் சாப்பர்கள் மட்டும் மிஞ்சினார்கள்.

பிறகு வந்தது இரண்டாம் உலகப் போர். ஜப்பான் கிழக்கிலிருந்து பாய்ந்தது. மலேயா விழுந்தது, சிங்கப்பூர் விழுந்தது, பர்மா விழுந்தது. ஆள் வேண்டும், ஆள் வேண்டும் என்று அலறினான் அதே வெள்ளையன். கலைத்த மதராஸ் ரெஜிமெண்டை மீண்டும் திரட்டினான். "சண்டை போடத் தெரியாதவன்" பர்மாக் காட்டிலே போய்ச் சண்டை போட்டான். தீர்ப்பு எழுதியவனும் அவனே, அதைக் கிழித்துப் போட்டவனும் அவனே! வீரம் இரத்தத்திலே இல்லை. ஆள் சேர்ப்பவனின் தேவையிலே இருந்தது.

நம் தாத்தன்மாரைச் சுற்றி நடந்த அந்தப் போரின் கதையை ஆவணங்களைத் தோண்டி எடுத்து எழுதியவர்களிலே ஒருவர், தாமே சீருடை அணிந்து துப்பாக்கி பிடித்தவர். அவர்தான் ஸ்ரீநாத் ராகவன்.

பட்டாளத்திலிருந்து படிப்பறைக்கு

சென்னைப் பல்கலைக்கழகத்திலே இயற்பியல் படித்து 1997-இல் பட்டம் பெற்றார் ராகவன். இயற்பியல் படித்தவர் எங்கே போவார்? ஆய்வுக்கூடத்துக்குப் போவார், இல்லையென்றால் அமெரிக்கா போவார். இவரோ பட்டாளத்துக்குப் போனார். ராஜ்புதானா ரைபிள்ஸ் என்னும் காலாட்படையிலே அதிகாரியாகச் சேர்ந்து ஆறாண்டுகள் பணியாற்றினார்.

பட்டாளத்திலே முதற்பாடம், கட்டளைக்குக் கீழ்ப்படி. வரலாற்றிலே முதற்பாடம், எதையும் கேள்வி கேள். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இந்த இரண்டு பள்ளிகளிலும் படித்தவர் இவர். பட்டாளத்தை விட்டு லண்டன் சென்று, கிங்ஸ் கல்லூரியின் போரியல் துறையிலே முதுகலைப் பட்டமும் டாக்டர் பட்டமும் பெற்றார். அங்கேயே பாடமும் நடத்தினார். பிறகு டில்லியிலே கொள்கை ஆய்வு மையத்திலும், அசோகா பல்கலைக்கழகத்திலும் பணி. 2015-இல் சமூக அறிவியலுக்கான இன்ஃபோசிஸ் பரிசு அவரைத் தேடி வந்தது.

அந்தப் போரியல் துறை எழுந்த கதையும் கேட்கத் தக்கது. 1960-களின் தொடக்கத்திலே அதை நிறுவியவர் மைக்கேல் ஹோவர்ட். அவரும் சிப்பாய்தான். 1943-இல் இத்தாலியின் சலேர்னோ களத்திலே போரிட்டுப் பதக்கம் பெற்றவர். பின்னாளிலே ஆக்ஸ்போர்டிலே பேராசிரியர், 2019-இல் மறைந்தார். "எந்தப் படை எந்தப் பக்கம் திரும்பியது" என்பது மட்டும் போரின் வரலாறு ஆகாது. எந்தச் சமுதாயம் அந்தப் படையை அனுப்பியது, யார் வரி கொடுத்தார்கள், யார் பட்டினி கிடந்தார்கள் என்பதும் சேர்ந்தால்தான் வரலாறு என்பது அவர் வகுத்த வழி. அந்த வழியிலே வந்தவர் ராகவன்.

இருபத்தைந்து இலட்சம் பேர்

2016-இல் வெளிவந்தது, இரண்டாம் உலகப் போரில் இந்தியாவைப் பற்றிய அவருடைய பெருநூல். 1939-இல் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் இருந்த இந்தியப் பட்டாளம், போர் முடிவதற்குள் சுமார் இருபத்தைந்து இலட்சமாகப் பெருகியது! கட்டாய ஆள்பிடிப்பு இல்லாமல் திரண்ட படைகளிலே உலகிலேயே பெரியது அதுதான். எதற்காகச் சேர்ந்தார்கள்? ஆங்கிலேய அரசர் மீது கொண்ட பக்தியினாலா? இல்லை, தோழர்களே! பெரும்பாலோரைச் சேர்த்தது வயிறு. மாதச் சம்பளம், மூன்று வேளைச் சோறு, வீட்டுக்கு மணியார்டர். வேலையில்லாக் கொடுமையின் மறுபெயர்தான் பல வீடுகளிலே "பட்டாளத்துக்குப் போனான்" என்பது.

போர் களத்திலே மட்டுமா நடந்தது? 1942 ஏப்ரலிலே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னைப் பட்டணம் காலியாயிற்று. மூட்டை முடிச்சோடு மக்கள் உள்நாட்டுக்கு ஓடி வந்தார்கள். பர்மாவிலிருந்து இலட்சக்கணக்கான இந்தியர்கள், அவர்களிலே எண்ணற்ற தமிழர், காடும் மலையும் கடந்து கால்நடையாகவே வந்தார்கள். வழியிலே மாண்டவர் ஆயிரமாயிரம். மலேயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் சயாம் மரண ரயில் பாதையிலே மாண்டு மடிந்தார்கள். 1943-இல் வங்கப் பஞ்சம். சுமார் முப்பது இலட்சம் உயிர்! பிரிட்டன் நமக்குத் திருப்பித் தர வேண்டிய கடனோ நூறு கோடிப் பவுனைத் தாண்டியது. கடன் கொடுத்தவன் பட்டினியிலே சாகிறான். கடன் வாங்கியவன் வெற்றிவிழாக் கொண்டாடுகிறான்!

தளபதிகளின் நினைவுக் குறிப்புகளிலே இவை ஓரத்திலே கிடக்கும். இந்த நூலிலே இவையே நடுவிலே நிற்கின்றன.

பல்லைப் பிடித்துப் பார்!

மேச்சேரி ஆட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு ஒன்று தெரியும். "ரெண்டு பல்லுதான், இளங்கிடா" என்று விற்பவன் சத்தியம் செய்வான். வாங்குகிறவன் சத்தியத்தைக் கேட்டுக்கொள்வான். ஆனால் வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்க்காமல் காசை அவிழ்க்க மாட்டான். விற்பவன் மீது பகையா? இல்லை. வியாபாரம் அப்படி.

வரலாற்றாசிரியன் வேலையும் அதுதான். ஓர் எடுத்துக்காட்டு. 1971-இல் வங்கதேசம் பிறந்த கதை. தளபதி மானெக் ஷா பின்னாளிலே பலமுறை சொன்ன நிகழ்ச்சி ஒன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. ஏப்ரல் மாதத்திலேயே படையெடுக்கச் சொன்னார் பிரதமர் இந்திரா. "இப்போது முடியாது" என்று துணிந்து மறுத்தார் தளபதி. கேட்க இனிக்கும் கதை! பட்டாளத்திலே இருந்தவருக்கு இன்னும் இனிக்கும். ஆனால் ராகவன் 2013-இல் வெளியிட்ட 1971 பற்றிய நூலிலே பல்லைப் பிடித்துப் பார்த்தார். பிரதமரின் ஆலோசகர் ஹக்சரின் காகிதங்களையும் பிற ஆவணங்களையும் புரட்டினார். அரசியல் தலைமையே அந்த ஏப்ரலிலே போருக்கு அவசரப்படவில்லை என்பது அவர் கண்ட முடிவு. தளபதியின் புகழ் அதனாலே குறையவில்லை. 1971 டிசம்பர் 16-இல் டாக்காவிலே பாகிஸ்தான் படை சரணடைந்தது மாறாத உண்மை. ஆனால் உண்மை வேறு, சபையிலே சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை வேறு.

அந்த நூல் இன்னொன்றும் சொல்கிறது. வங்கதேசம் தலைவிதியாலே பிறந்ததல்ல. ஒரு கோடி அகதிகள் எல்லை தாண்டி வந்தது, 1971 ஜூலையிலே அமெரிக்கக் கிஸிஞ்சர் பாகிஸ்தான் வழியாக ரகசியமாகப் பீகிங் போனது, ஆகஸ்டிலே இந்தியா சோவியத் நாட்டோடு ஒப்பந்தம் செய்தது ஆகிய எல்லாம் சேர்ந்தே அந்த நாடு பிறந்தது. தலைவிதி என்று சொல்லிவிட்டால் யாரும் யாரையும் பொறுப்புக் கேட்க முடியாது. மனிதர் எடுத்த முடிவு என்றால் கேட்கலாம்.

2010-இல் வந்த அவருடைய முதல் நூல் நேரு காலத்தைப் பற்றியது. 1962 சீனப் போரிலே வந்த தோல்விக்கு அரசியல்வாதிகளே முழுப் பொறுப்பு, பட்டாளத் தலைமைக்குப் பங்கில்லை என்ற வாதத்தையும் அவர் அப்படியே ஏற்கவில்லை. சீருடை அணிந்தவரே சீருடைக்காரரின் தவற்றையும் எடுத்து வைத்தார். அதற்கு வேண்டியதும் ஒரு வீரம்தான்!

பூட்டிய பெட்டியும் திறந்த ஏடும்

சேலம் சீமைக்குச் சிப்பாய்கள் எழுதிய வரலாறு புதிதல்ல. 1792-இல் திப்புவின் கையிலிருந்து இந்தச் சீமையைக் கும்பினி பறித்தபோது, இங்கே முதல் கலெக்டராக வந்து உட்கார்ந்த அலெக்சாண்டர் ரீட் ஒரு பட்டாளத்து அதிகாரி. அந்த மைசூர்ப் போர்களின் சரித்திரத்தை 1810-லும் 1817-லும் மூன்று பாகங்களாக எழுதியவர் மார்க் வில்க்ஸ். அவரும் சென்னைப் பட்டாளத்து அதிகாரியே. செயின்ட் ஹெலினாத் தீவிலே கவர்னராக இருந்து, 1815-இல் சிறைப்பட்டு வந்த நெப்போலியனைக் கண்டவர்! பிறகு வில்சன் என்ற ராணுவ அதிகாரி சென்னைப் பட்டாளத்தின் வரலாற்றை ஐந்து பாகங்களாக 1880-களிலே எழுதினார்.

உழைத்து எழுதியவர்கள்தாம். ஆனால் அவர்கள் ஏட்டிலே வெள்ளை அதிகாரிக்குப் பெயர் உண்டு, பதவி உண்டு, பாராட்டு உண்டு. சிப்பாய்க்கோ பெரும்பாலும் எண்ணிக்கை மட்டும்தான். இத்தனை பேர் மாண்டனர், இத்தனை பேர் காயம். எழுதுகோல் யார் கையிலே இருந்ததோ, வரலாறு அவன் பக்கம் சாய்ந்தது. அதனால்தான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பை எதிர்த்து எழுத அன்று நம்மிலே ஆள் இல்லாமற் போயிற்று.

வெள்ளையன் போய்விட்டான், பூட்டு போயிற்றா? 1962 தோல்வியை ஆராய்ந்து 1963-இல் எழுதப்பட்ட ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு வெளியிடவில்லை. 2014-இல் ஒரு பகுதி வெளியே வந்ததும் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளர் கையாலேதான். 1971 போருக்கு அரசே எழுதி முடித்த வரலாறும் பல்லாண்டு அலமாரியிலே உறங்கி, 2000-இல் பத்திரிகை வழியாகவே வெளிச்சம் கண்டது. 2021 ஜூனிலே பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்கை அறிவித்தது: போர் முடிந்து ஐந்தாண்டுக்குள் வரலாறு தொகுக்கப்பட வேண்டும், ஆவணங்கள் சாதாரணமாக 25 ஆண்டிலே திறக்கப்பட வேண்டும் என்று. நல்ல சொல். சொல் செயலாகிறதா என்று கண் விழித்துக் கேட்க வேண்டியவர்கள் மக்கள். மகனை அனுப்பியவர்களுக்கு அந்த உரிமை இல்லாமல் யாருக்கு உண்டு?

நம் வீட்டு டிரங்குப் பெட்டி

டில்லியிலே மட்டும் பெட்டி பூட்டிக் கிடக்கவில்லை, தோழர்களே! மேச்சேரியிலும் நங்கவள்ளியிலும் ஓமலூரிலும் தாத்தன் பட்டாளத்திலே இருந்த வீடுகளிலே பரண்மேல் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கலாம். உள்ளே ஒரு டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட், கறுத்துப்போன ஒரு பதக்கம், கரையான் அரித்த நாலு கடிதம். பழைய பேப்பர்க்காரனுக்கு எடைக்குப் போனால் நாலு காசு. போன பிறகு? அந்த மனிதன் பர்மாவுக்குப் போனானா, இத்தாலிக்குப் போனானா என்று அவன் கொள்ளுப்பேரனுக்கும் தெரியாது. "சண்டை போடத் தெரியாதவன்" என்று நாளை இன்னொருவன் எழுதினால், இல்லை என்று எடுத்துக் காட்டக் கையிலே ஒரு துண்டுக் காகிதமும் இராது.

ஆகவே செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. பெட்டியைத் திறவுங்கள். காகிதத்தைப் படம் பிடித்து வையுங்கள். பெயர், ஊர், படை எண், எந்த ஆண்டு, எந்தக் களம் என்று ஒரு நோட்டிலே எழுதுங்கள். பாட்டி சொன்ன கதையையும் எழுதுங்கள். அது பாட்டி சொன்னது என்று குறித்தே எழுதுங்கள். ஊர் நூலகத்திலே ஒரு பிரதி கொடுங்கள். மாலையிலே மன்றத்திலே கூடுகிற இளைஞர் நாலு பேர் மனம் வைத்தால் ஒரு மாதத்து வேலை.

இன்னொன்று. ஆலையிலே வேலை செய்கிறவன் பிள்ளை "சரித்திரம் படிக்கிறேன்" என்று சொன்னால், "அது என்ன சோறு போடுமா?" என்று வாயடைக்காதீர்கள். இயற்பியல் படித்துத் துப்பாக்கி பிடித்த ஒருவர், அதைக் கீழே வைத்துவிட்டுச் சரித்திரம் படிக்கப் போனதனாலே, இருபத்தைந்து இலட்சம் சிப்பாய்களின் கதைக்கு ஓர் ஏடு கிடைத்தது. நம் சீமையின் சிப்பாய்களுக்கு இன்னும் அப்படி ஓர் ஏடு எழுதப்பட வேண்டியிருக்கிறது. அதை எழுதப் போகிற பிள்ளை இந்த மேச்சேரிப் பள்ளிக்கூடத்திலேயே இன்று பலகை பார்த்து உட்கார்ந்திருக்கலாம்.

அவன் தேடி வரும்போது, நம் பெட்டியிலே காகிதம் இருக்கட்டும்!