கொலுப்படியில் மெக்ஸிகோ!

'மெக்ஸிகோ பற்றி ஏதாவது செய்து கொண்டு வரவும்' என்று யு.கே.ஜி. குழந்தையின் டயரியில் ஒரு வரி எழுதி அனுப்பினால் தி.நகரில் என்ன நடக்கும்? குழந்தை எட்டு மணிக்கே தூங்கிவிடும். அப்பா பாண்டி பஜாருக்கு ஓடுவார். அம்மா நள்ளிரவு வரை தெர்மாகோல் வெட்டுவார். மறுநாள் ஒரு பெரிய தொப்பி, ஒரு கள்ளிச்செடி, ஒரு ஒட்டு மீசை! ஸ்பானிஷ் பேசும் 20 நாடுகளும் அந்த மீசைக்குள் அடக்கம். மார்க் பத்துக்குப் பத்து... அம்மாவுக்கு!

குழந்தை கையால்தான் கற்கிறது என்று மரியா மாண்டிசோரி 1939-லேயே அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்குப் பாடம் எடுத்தார். அது அப்பா, அம்மாவின் கை இல்லை, சாமி!

மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த டீச்சர் ஒருவர், "தெர்மாகோலே வேணாம் சார். ஆளுக்கு ஒரு பிடி செண்டுமல்லி போதும்னுட்டேன்" என்றார். வேடிக்கை பார்க்கப் போனேன்.

மாட வீதியில் கூடை கூடையாக விற்கிற அந்தப் பூவின் பூர்வீகமே மெக்ஸிகோதான். நவம்பர் 1, 2 தேதிகளில் அங்கே வீட்டில் படி கட்டி, துணி விரித்து, இறந்துபோனவர்களின் போட்டோ, மெழுகுவர்த்தி, தண்ணீர், அவர்களுக்குப் பிடித்த பண்டம் எல்லாம் வைப்பார்கள். வருகிறவர்களுக்கு வழி தெரிய வேண்டுமே... அதற்குத்தான் செண்டுமல்லி இதழ். 2008-ல் யுனெஸ்கோ பட்டியலிலேயே ஏறிவிட்ட விழா.

அட, நம்ம கொலுப்படியில் அமாவாசைப் படையல்!

கலர் பேப்பரை மடித்து, முனை மழுங்கிய கத்திரியால் வெட்டி, தோரணம் கட்டினார்கள் குழந்தைகள். அதன் பெயர் 'பப்பெல் பிக்காடோ'. ஒரு வாண்டு "பப்பாளி பிக்காடோ" என்றது. தப்பில்லை, பப்பாளியும் அந்தப் பக்கத்துச் சரக்குதான்!

ஆனால் 'எல்லாம் நம்மளுதுதான்' என்று முடித்துவிட்டால் அது மயிலாப்பூர் பாடமாகிவிடும். அங்கே சர்க்கரையில் மண்டை ஓடு செய்து, பேர் எழுதி வைக்கிறார்கள். இங்கே?

"செத்தவங்க பேச்செல்லாம் குழந்தைங்ககிட்ட எதுக்கு மிஸ்?" என்று ஒரு அம்மா முதல் நாளே வந்து சண்டை பிடித்தாராம். சித்திரையில் அவர் மாமனார் போய்விட்டார். பையனிடம் 'தாத்தா ஊருக்குப் போயிருக்கார்' என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

"போட்டோ வேணாம்மா. பிடிச்ச பொருளைக் களிமண்ல செய்யட்டும்" என்று டீச்சர் சமாதானம் சொன்னார்.

பையன் செய்தது மூக்குப்பொடி டப்பா. மேல் படியில் வைத்தான். இதழ் தூவ ஆரம்பித்தான். படியிலிருந்து வகுப்பு வாசல், அங்கிருந்து வராந்தா, படிக்கட்டு...

"போதும்டா கண்ணா" என்றேன்.

"தாத்தா கேட் வழியாதானே வருவாரு?" என்றான்.

பாதி வழியில் பூ தீர்ந்துவிட்டது. டீச்சர் ஒன்றும் பேசவில்லை. ஆயாவிடம் காசு கொடுத்து, இன்னும் கால் கிலோ வாங்கிவரச் சொன்னார்.