தவிலின் தொப்பியும் அண்டை வீட்டுச் சன்னலும்

(ஆலயச் செயலாளர் ஒருவரின் அனுபவக் கட்டுரை)

திருவிழாவுக்குக் கொடியேறும் முன்பே ஆலய நிர்வாகத்தின் மேசைக்கு வந்து சேரும் விலைப்பட்டியல்களுள் ஒலிபெருக்கிக் குத்தகைக்காரருடையதும் ஒன்று. பந்தல், பூமாலை, அன்னதானம் ஆகியவற்றின் கணக்கை வரிவரியாகப் பார்க்கும் நாம், ஒலிபெருக்கிப் பட்டியலில் ‘சப்வூபர் நான்கு’ என்றிருந்தால் அது எதற்கு என்று கேட்பதில்லை. நானும் பல்லாண்டுகள் கேட்டதில்லை. கேளாமையின் பலனை 2017-ஆம் ஆண்டு ஆடித் திருவிழாவில் கண்டேன்.

எங்கள் ஆலயம் கிள்ளான் வட்டாரத்தில் ஒரு தாமானின் ஓரத்தில் அமைந்துள்ளது. பின்மதிலுக்கும் வரிசை வீடுகளுக்கும் இடையே ஒரு சந்து மட்டுமே உண்டு. மேள ஓசை நெஞ்சில் அடிக்க வேண்டும் என்பது அவ்வாண்டு உபயகாரர் ஒருவரின் விருப்பம். அதற்கிணங்க, பதினெட்டு அங்குல ஒலிவாய்கள் இரண்டிரண்டு பொருத்திய பெரும் பெட்டிகள் நான்கு வந்து இறங்கின. மூன்றாம் நாள் இரவு உருமி மேளம் முழங்கியபோது இளைஞர்கள் மகிழ்ந்தார்கள் என்பது உண்மையே. ஆயினும், அதற்கு முன் ஓதுவார் பாடிய தேவாரத்தில் ஒரு சொல்கூட மண்டபத்தின் பின்வரிசைக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை, பின்சந்து வீட்டுச் சீன மூதாட்டி ஆலயத்திற்கு வந்தார். ரதம் தம் வாசலுக்கு வரும்போதெல்லாம் தேங்காய் உடைத்து வணங்குகிறவர் அவர். சன்னல் கண்ணாடிகள் நள்ளிரவு வரை அதிர்ந்ததாகவும், நோயுற்ற கணவர் உறங்கவில்லை என்றும் கூறினார். அம்மையார் குரலை உயர்த்தவே இல்லை. அதுவே எங்களுக்குப் பெரும் வெட்கமாயிற்று. அவருடைய மகனோ புகார் எழுதிவிட்டார். அடுத்த ஆண்டு அனுமதிக்காக நானும் தலைவரும் மூன்று முறை படியேற நேர்ந்தது.

குத்தகைக்காரரை அழைத்துக் கேட்டோம். அவர் தம் ஒலிமானியைக் காட்டி, அளவு மீறவில்லை என்று சாதித்தார். அவர் பொய் சொல்லவில்லை. மானிதான் உண்மையில் பாதியைச் சொன்னது. ஒலிமானியில் ‘ஏ’ என்றும் ‘சி’ என்றும் இருவகை அளவுகள் உண்டு. ‘ஏ’ அளவு மனிதச் செவியின் இயல்பைப் பின்பற்றுவது. 50 ஹெர்ட்ஸ் அதிர்வுள்ள ஒலியை ஏறத்தாழ 30 டெசிபல் குறைத்தே காட்டும். கண்ணாடி அதிர்வதை அறிய ‘சி’ அளவில் பார்த்திருக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் நிகழ்ச்சி அரங்குகளுக்கு வகுத்த, பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபல் என்னும் உச்ச வரம்புகூட ‘ஏ’ அளவில் கூறப்பட்டதே. அது அவையோரின் செவியைக் காக்கும். அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் காக்காது.

சப்வூபர் என்பது ஏறத்தாழ 30 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான அடிநாதத்தை மட்டும் ஒலிக்கும் பெட்டி. 50 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் சுமார் ஏழு மீட்டர். நாதஸ்வரத்தின் ஒலியை ஓரளவு மறிக்கும் ஆறடி மதில், அந்த அலைக்கு ஒரு பொருட்டேயன்று. பெட்டியை மண்டபம் நோக்கித் திருப்பி வைத்தாலும் அடிநாதம் பின்புறமும் ஏறக்குறைய அதே வலிமையுடன் பரவும்.

ஆகவே, ஆலயத்தில் எந்த ஒலிக்கு இப்பெட்டி தேவை என்பதையே முதலில் எண்ண வேண்டும். தவிலில் கோலால் அடிக்கும் தொப்பிப் பக்கத்திற்கும், உருமியில் தேய்த்து முனக வைக்கும் பக்கத்திற்கும் தேவை. ஓதுவாரின் குரல், நாதஸ்வரம், மணியோசை, குருக்களின் மந்திரம் ஆகியவற்றுக்குத் தேவையில்லை. அவை பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்கு மேலேயே நிற்பவை. அந்த மைக்குகளைச் சப்வூபரோடு இணைத்தால் காற்றின் இரைச்சலும் மேடையில் நடப்போரின் காலடியும்தான் பெருகும். மிக்சரில் ஒவ்வொரு மைக்குக்கும் ‘லோ கட்’ என்றொரு சிறு பொத்தான் பெரும்பாலும் இருக்கும். குரல் மைக்குகளில் அதனை அழுத்திவிட்டு, தவிலையும் உருமியையும் மட்டும் தனி வழியில் பெட்டிக்கு அனுப்பினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. பல திருவிழாக்களில் எவரும் அழுத்தாத பொத்தான் இதுவே.

வாங்கும்போது வாட் கணக்கில் மயங்கலாகாது. ‘2,000 வாட்’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பது உச்ச அளவானால், தொடர்ந்து தாங்கும் அளவு 500 வாட்டாகவே இருக்கலாம். வாட் இருமடங்கானால் ஒலி மூன்று டெசிபல் மட்டுமே கூடும். அதே வகைப் பெட்டி இரண்டை அருகருகே வைத்தாலோ ஆறு டெசிபல் வரை கூடும். எனவே எவ்வளவு தாழ்ந்த அதிர்வு வரை இறங்குகிறது, உச்ச டெசிபல் எவ்வளவு என்னும் இரண்டையும் கேட்க வேண்டும். ஆம்பிளிஃபயர் உள்ளேயே அமைந்த பெட்டி எங்களைப் போன்றோருக்கு ஏற்றது. ஆண்டுதோறும் தொண்டர்கள் மாறும் இடத்தில், தவறான இணைப்பால் எரிந்துபோகும் வாய்ப்பு அதில் குறைவு. சக்கரம் இருப்பதும் அவசியம். பதினெட்டு அங்குலப் பெட்டியைத் தூக்கிய தொண்டரின் இடுப்பைக் கேட்டால் காரணம் சொல்வார்.

உபயகாரர் நான்கு பெட்டிகளையும் சொந்தமாகவே வாங்கித் தர முன்வந்தார். கூட்டத்தில் இரண்டு மணி நேரம் வாதம் நடந்தது. முடிவில், பதினெட்டு அங்குலத்தில் ஒற்றை ஒலிவாய்ப் பெட்டிகள் இரண்டும், மீதிப் பணத்தில் ஓதுவாருக்கு நல்ல மைக்கும், மண்டபத் தூண்களுக்குக் குரல் தெளிவாகக் கேட்கும் சிறு ஒலிபெருக்கிகளும் வாங்கினோம். “பெயர் பொறிக்க இரண்டு பெட்டிதானா?” என்று அவர் கேட்டார். மைக்கில் பெயர் பொறிக்க இடமில்லை என்பது அவருடைய நியாயமான மனக்குறை.

பெட்டிகளை மேடையின் இருமருங்கிலும் வைப்பதே வழக்கம். அவ்வாறு வைத்துத் தவில் ஒலிநாடாவை ஓடவிட்டு மண்டபத்தில் நடந்து பார்த்தோம். ஓரிடத்தில் முழக்கம்; நான்கடி தள்ளினால் வெறுமை. இரண்டு பக்கத்து அலைகளும் ஒன்றையொன்று சில இடங்களில் கூட்டியும் சில இடங்களில் அழித்தும் விடுவதே காரணம். ஒரே இடத்தில் சேர்த்து வைத்தபின் சீராயிற்று. பின்பு, விவரமறிந்த இளைஞர் ஒருவர் ஒரு பெட்டியைப் பின்புறமாகத் திருப்பி, அதன் ஒலியைத் தலைகீழாக்கி, நொடியின் சிறு பின்னம் தாமதிக்கச் செய்தார். பின்சந்தின் பக்கம் அடிநாதம் வெகுவாகத் தணிந்தது. முன்புறத்தில் சிறிது வலிமை குறைந்ததும் உண்மை. அளவுகளைத் தவறாக வைத்தால் பலன் எதிராகிவிடும். ஆகையால் அறியாதவர் இதனைத் தொடலாகாது.

வெளியூர் மேளக் குழுக்கள் தங்கள் லாரியிலேயே பெட்டிகளை அடுக்கிக்கொண்டு வருவது மட்டும் இன்னும் தீராத தலைவலி. வாசலில் வாதாடுவதைத் தவிர்க்க, அழைப்புக் கடிதத்திலேயே எங்கள் பெட்டிகள் மட்டும் பயன்படும் என்று எழுதிவிடுகிறோம். சிலர் வர மறுத்தும் இருக்கின்றனர். திருவிழாவின் முதல் நாள் இரவு ஒன்பதரை மணிக்கு, மேளம் உச்சத்தில் இருக்கும்போது, ஒலிமானியைச் ‘சி’ அளவில் வைத்துக்கொண்டு பின்சந்தில் அம்மையாரின் சன்னலருகே நான் நின்று பார்த்துவிட்டுத்தான் பூசைக்குத் திரும்புகிறேன்.