மரம் ஏற்றும் சரக்குந்து ஒப்புரு

மரம் ஏற்றும் சரக்குந்து ஒப்புரு என்பது, காடுகளில் வெட்டப்பட்ட மரக்கட்டைகளை ஆலைகளுக்கு எடுத்துச் செல்லும் கனரக லாரியின் அளவு பிசகாத சிறு வடிவம் ஆகும். கடைகளில் கிடைக்கும் நெகிழி ஒப்புருத் தொகுப்புகளை வெட்டியும் நீட்டியும் ஒன்றோடொன்று இணைத்தும் இது உருவாக்கப்படுகிறது. அமெரிக்காவின் ஆரிகன், வாசிங்டன் மாநிலங்களிலும் கனடாவின் பிரித்தானியக் கொலம்பியா மாகாணத்திலும் ஓடிய வண்டிகளே பெரும்பாலும் இதற்கு மூலமாக அமைகின்றன. நெடுஞ்சாலைச் சரக்குந்தின் தொகுப்பைக் காட்டுப்பாதைச் சரக்குந்தாக மாற்றுவதே இதில் முதன்மையான பணியாகும். இம்மாற்றங்கள் ஒவ்வொன்றும் மூல வண்டி செய்யும் வேலையிலிருந்து பிறப்பவை. எனவே, அவ்வண்டி இயங்கும் முறையை அறியாமல் ஒப்புருவைச் சரியாக அமைக்க இயலாது.

மூல வண்டிகள்

பசிபிக் கரையோர மரத்தொழிலும் அப்பகுதியின் சரக்குந்துத் தொழிலும் நெருங்கிய தொடர்புடையவை. கென்வொர்த் நிறுவனம் 1923 இல் சியாட்டிலில் தொடங்கப்பட்டது. பீட்டர்பில்ட் நிறுவனத்தை 1939 இல் தொடங்கிய பீட்டர்மேன், டக்கோமா நகரைச் சேர்ந்த ஒட்டுப்பலகை உற்பத்தியாளர் ஆவார். தமது மரங்களைக் கொண்டுவர ஏற்ற வண்டிகளைச் செய்வதற்காகவே அவர் ஓக்லாந்திலிருந்த ஃபேஜியோல் நிறுவனத்தை வாங்கினார். கனடாவின் வான்கூவர் நகரில் ஹேய்ஸ் (1920-1975), பசிபிக் (1947-1991) ஆகிய நிறுவனங்கள், பொதுச்சாலையைத் தொடாமல் காட்டுச் சாலைகளில் மட்டும் ஓடும் பெருவண்டிகளைச் செய்தன.

வண்டியின் அமைப்பு

சாதாரணச் சரக்குந்தில் உள்ளது போன்ற தளம் இவ்வண்டியில் இல்லை. சரக்குந்தின் பின்பகுதியில் ஒன்றும், தனியே பின்தொடரும் டிரெய்லரில் ஒன்றுமாக இரண்டு குறுக்குத் தாங்குசட்டங்கள் உள்ளன. மரக்கட்டைகள் இவ்விரண்டின்மீதும் கிடத்தப்படுகின்றன. தாங்குசட்டத்தின் இரு முனைகளிலும் நிற்கும் பக்கக் கம்பங்கள் கட்டைகள் உருண்டு விழாமல் தடுக்கின்றன. சுமை ஏற்றிய நிலையில், முன்வண்டியையும் டிரெய்லரையும் பிணைக்கும் உடலாக மரக்கட்டைகளே அமைகின்றன.

டிரெய்லரிலிருந்து முன்னோக்கி வரும் நீண்ட தண்டு, சரக்குந்தின் பின்முனைக் கொக்கியில் இணைகிறது. வண்டி திரும்பும்போது முன் தாங்குசட்டம், கொக்கி, பின் தாங்குசட்டம் ஆகிய மூன்று புள்ளிகளும் நேர்கோட்டிலிருந்து விலகி ஒரு முக்கோணமாகின்றன. இரு தாங்குசட்டங்களுக்கு இடையேயான தூரத்தை மரக்கட்டைகள் மாறாமல் வைத்திருப்பதால், முக்கோணத்தின் மற்றைய இரு பக்கங்களின் கூட்டுத்தொகை கூடியாக வேண்டும். ஆகவே, இத்தண்டு டிரெய்லரிலுள்ள உறை ஒன்றினுள் முன்னும் பின்னும் நழுவுமாறு அமைக்கப்படுகிறது. தாங்குசட்டங்களும் நடு ஆணியில் சுழலக்கூடியவை.

மரங்களை இறக்கியபின் டிரெய்லரைத் தூக்கி முன்வண்டியின் முதுகில் ஏற்றிக்கொள்வது வழக்கம். இதனால் வண்டியின் நீளம் குறைகிறது. டிரெய்லரின் டயர்கள் தேய்வதில்லை. ஏற்றத்தில் இயக்கு சக்கரங்களுக்குப் பிடிமானமும் கிடைக்கிறது.

அளவு விகிதம்

அமெரிக்க நிறுவனங்கள் 1/25 விகிதத்திலும், இத்தாலியின் இத்தாலேரி நிறுவனம் 1/24 விகிதத்திலும் சரக்குந்துத் தொகுப்புகளை வெளியிட்டுள்ளன. இவை தம்முள் சுமார் 4 விழுக்காடு வேறுபடுகின்றன. எஞ்சின், கருவிப்பெட்டி போன்ற பாகங்களில் இவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. டயர்களையும் ஓட்டுநர் கூண்டையும் கலந்தால் எளிதில் தெரிந்துவிடும். 1/25 விகிதத்தில் சில அளவுகள் பின்வருமாறு:

* 8 அடி வண்டி அகலம் (2,438 மிமீ) - 97.5 மிமீ
* 12 அடி அகலமுள்ள காட்டுவண்டித் தாங்குசட்டம் (3,658 மிமீ) - 146 மிமீ
* 40 அடி நீள மரக்கட்டை (12,192 மிமீ) - 488 மிமீ
* 60 செமீ விட்டமுள்ள கட்டை - 24 மிமீ
* 1.1 மீட்டர் உயர டயர் - 44 மிமீ
* 12 மிமீ தடிப்புள்ள காற்றுக்குழாய் - 0.5 மிமீ

தொகுப்புகளைத் தெரிவு செய்தல்

ஏஎம்டி நிறுவனத்தின் 1/25 விகித பீட்டர்பில்ட் 359, கென்வொர்த் டபிள்யூ-925 ஆகிய தொகுப்புகள் இப்பணிக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. மூல வண்டியான பீட்டர்பில்ட் 359, 1967 முதல் 1987 வரை உற்பத்தி செய்யப்பட்டது. பியர்லெஸ் வகை மர டிரெய்லருக்கும் ஏஎம்டி 1/25 விகிதத்தில் தனித்தொகுப்பு வெளியிட்டுள்ளது. ஹேய்ஸ், பசிபிக் போன்ற வண்டிகளைச் செய்வோர் ரெசின் வார்ப்பாகக் கிடைக்கும் கூண்டுகளை நாடுகின்றனர் அல்லது பாலிஸ்டைரீன் தகட்டில் தாமே செய்துகொள்கின்றனர்.

பல தொகுப்புகளின் பாகங்களைக் கலந்து புதிய வண்டி ஒன்றை உருவாக்குவது கிட்பாஷிங் எனப்படுகிறது. தகடு, குழாய், கம்பி முதலிய மூலப்பொருள்களிலிருந்தே பாகங்களைச் செய்வது ஸ்கிராட்ச் பில்டிங் எனப்படுகிறது. நல்ல ஒப்புரு ஒன்றில் பெரும்பாலும் இரண்டு முறைகளும் கலந்திருக்கும்.

அடிச்சட்டம்

நெடுஞ்சாலைச் சரக்குந்தின் அடிச்சட்டத்தில் அச்சுகளின் இடைவெளியும் பின்முனை நீளமும் மரவண்டிக்குப் பொருந்துவதில்லை. எனவே, சட்டத்தை வெட்டி நீட்டவோ குறைக்கவோ நேர்கிறது. இடது, வலது சட்டங்களை ஒரே இடத்தில் வெட்டினால் அவ்விடம் வலுவிழக்கும். ஆகையால் இரு வெட்டுகளும் ஒன்றுக்கொன்று விலகியிருக்குமாறு வெட்டி, உட்பக்கத்தில் பாலிஸ்டைரீன் பட்டை ஒன்றை வைத்து ஒட்டுவர். நேரான அளவுகோலில் இறுகப் பிடித்து ஒட்டாவிட்டால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். பின்னர் ஒரு சக்கரம் தரையைத் தொடாமல் நிற்கும்.

பாலிஸ்டைரீனுக்குரிய கரைப்பான் பசை, இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. உலோகத்தையோ ரெசினையோ அது ஒட்டாது. அவற்றுக்குச் சயனோஅக்ரிலேட்டு அல்லது எப்பாக்சிப் பசை தேவைப்படுகிறது. கரைப்பான் ஆவியும் ரெசின் தூளும் நுரையீரலுக்குத் தீங்கானவை. காற்றோட்டமான இடத்தில் முகமூடி அணிந்து வேலை செய்வது அவசியம்.

பிரேக் அமைப்பும் நீர்த்தொட்டியும்

மரம் ஏற்றிய வண்டி பெரும்பாலும் மலையிலிருந்து கீழ்நோக்கியே வருகிறது. எனவே, இவ்வண்டிக்கு ஏறும் ஆற்றலைவிட நிற்கும் ஆற்றலே உயிர்நாடியாகும். நீண்ட இறக்கத்தில் பிரேக் உருளைகள் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். இதைத் தவிர்க்கக் கூண்டின் பின்னால் நீர்த்தொட்டி பொருத்தி, குழாய்கள் வழியே உருளைகளின்மீது நீரைச் சொரியும் முறை கையாளப்பட்டது.

எஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்தும் கருவியைக் கிளெசி கம்மின்ஸ் உருவாக்கினார். 1931 இல் கலிபோர்னியாவின் கஜோன் கணவாயில் பிரேக் செயலிழந்த சரக்குந்தில் அவர் உயிர் தப்பிய நிகழ்வே இதற்குத் தூண்டுதலாயிற்று. ஜேக்கப்ஸ் நிறுவனத் தயாரிப்பாக அக்கருவி 1961 இல் விற்பனைக்கு வந்தது.

ஒப்புருவில் நீர்த்தொட்டியை நெகிழிக் குழாயின் துண்டிலிருந்து செய்யலாம். தொட்டியை வைப்பதோடு வேலை முடிவதில்லை. அதிலிருந்து ஒவ்வொரு பிரேக் உருளைக்கும் 0.5 மிமீ செப்புக்கம்பியால் குழாய் அமைக்க வேண்டும். எங்கும் போய்ச்சேராத குழாய், மூல வண்டியை அறிந்தவர்களுக்கு உடனே புலப்படும். கட்டைகள் முன்னோக்கி நழுவினால் ஓட்டுநரைக் காக்கும் தடுப்புச் சட்டமும் கூண்டை ஒட்டி அமைய வேண்டும். அதன் கால்கள் அடிச்சட்டத்தில் ஊன்றியிருக்க வேண்டும். கூண்டின் சுவரில் ஒட்டினால் அதன் பயன் பொருளற்றுப்போகும்.

டிரெய்லர்

நழுவும் தண்டை அதன் உறையில் ஒட்டாமல் விட வேண்டும். ஒட்டிவிட்டால் ஒப்புருவை நேராக மட்டுமே வைக்க முடியும்; சற்றுத் திருப்பினாலும் கட்டைகள் தாங்குசட்டத்திலிருந்து விலகும் அல்லது கொக்கி முறியும். ஒன்றினுள் ஒன்று நுழையும் இரு அளவு பித்தளைச் சதுரக்குழாய்கள் இதற்கு ஏற்றவை. வெற்று வண்டியாகக் காட்ட விரும்புவோர், டிரெய்லரின் சக்கரங்கள் சரக்குந்தின் முதுகில் அமரும் இடத்தையும், தண்டு கூண்டுக்கு மேலே நீளும் உயரத்தையும் அடிச்சட்டத்தை வெட்டும் முன்பே கணக்கிட வேண்டும்.

மரக்கட்டைகள்

கட்டைகளுக்கு உண்மையான மரக்கிளைகளே பயன்படுகின்றன. இப்பகுதியின் முதன்மை மரமான டக்ளஸ் ஃபிர் நேராக வளர்வது. ஆகையால் வளைந்த கிளைகள் பொருந்தா. அரை மீட்டர் நீளத்திற்கு நேராகவும், சிறிதளவே கூம்பியும், மெல்லிய பட்டையுடனும் உள்ள கிளைகளைத் தேட வேண்டும். பெருமரத்தின் வெட்டுமுகத்தில் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக இருக்கும். விரைந்து வளர்ந்த கிளையில் சில வளையங்களே காணப்படும். மெதுவாக வளர்ந்த கிளைகள் சிறந்தவை. கிளைகளை நன்கு உலர்த்திப் பூச்சிகளை அழித்தபின், பற்கள் நெருங்கிய வாளால் முனைகளை அறுக்க வேண்டும்.

அடுக்கும் முறைக்கும் விதி உண்டு. பக்கக் கம்பத்தை ஒட்டிய வெளிக்கட்டைகளுள் மிக உயரத்திலுள்ளதன் மையம் கம்பத்தின் நுனிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டரசு விதியாகும். கம்பத்தைத் தொடாத மேல்கட்டைகள் கம்பிவடத்தாலோ சங்கிலியாலோ இறுக்கிக் கட்டப்படுகின்றன. வெளிக்கட்டையின் மையம் கம்பத்தின் நுனிக்கு மேலே அமைந்த ஒப்புரு, சாலையில் அனுமதிக்கப்படாத சுமையையே காட்டுகிறது.

எடை

60 செமீ கட்டையைக் குறிக்கும் 24 மிமீ தடிப்பும் 488 மிமீ நீளமும் உள்ள உலர்ந்த கிளை ஒன்று ஏறத்தாழ 110 கிராம் எடை கொண்டது. பத்துக் கட்டைகள் 1 கிலோவுக்கு மேல் வரும். நெகிழி அச்சு இதை ஒரு நாள் தாங்கும். ஆனால், ஓயாத சுமையின்கீழ் பாலிஸ்டைரீன் மெல்ல மெல்ல வளையும். சில ஆண்டுகளில் சக்கரங்கள் சாய்ந்து, விற்சுருள்கள் தொய்ந்துவிடும். எனவே, அச்சுகளினுள் எஃகுக் கம்பியும், தாங்குசட்டத்தினுள் பித்தளைக் குழாயும் செருகப்படுகின்றன. மூல வண்டியைப் போலவே ஒப்புருவும் தன் சுமையைத் தாங்கக் கட்டப்பட வேண்டியதாகிறது.

வண்ணமும் தேய்வும்

தேய்வு எங்கும் ஒரே சீராக ஏற்படுவதில்லை. கட்டைகள் உராயும் தாங்குசட்டத்தின் மேற்பரப்பு, கம்பங்களின் உட்பக்கம், ஓட்டுநர் ஏறும் படி ஆகியவற்றில் வண்ணம் உதிர்ந்து உலோகம் தெரியும். எஃகுப் பாகங்களே துருப்பிடிக்கும். அலுமினியத்தாலான எரிபொருள் தொட்டியும் சக்கரங்களும் மங்குமேயன்றிச் செந்நிறத் துரு கொள்வதில்லை. சேறு சக்கரத்திற்குப் பின்னால் அடர்ந்தும் மேலே செல்லச் செல்லக் குறைந்தும் காணப்படும். அடிச்சட்ட மூலைகளில் பட்டைத் தூள்களை ஒட்டுவதும் உண்டு.

ஆவண மதிப்பு

வேலை வண்டிகள் பெரும்பாலும் காட்சிக்காகப் பாதுகாக்கப்படுவதில்லை. அவை பழுதானபின் பாகங்களாகப் பிரிக்கப்பட்டு, எஞ்சியவை பழைய இரும்பாகச் செல்கின்றன. ஒவ்வொரு மரநிறுவனமும் தன் பாதைக்கேற்பத் தொட்டியையும் சட்டத்தையும் மாற்றிக்கொண்டதால், தொழிற்சாலை வரைபடங்கள் வண்டியின் இறுதி வடிவத்தை முழுமையாகக் காட்டுவதில்லை. ஹேய்ஸ், பசிபிக் போன்று உற்பத்தியாளரே மறைந்துவிட்ட வண்டிகளைப் பொறுத்தவரை இக்குறை மேலும் பெரிது. ஒளிப்படங்களையும் எஞ்சிய வண்டிகளின் நேரடி அளவுகளையும் கொண்டு செய்யப்படும் ஒப்புரு, எக்குழாய் எங்கே சென்றது, எச்சட்டம் எதைத் தாங்கியது என்பவற்றை முப்பரிமாணத்தில் பதிவு செய்கிறது. அளவுகளையும் அவை பெறப்பட்ட ஒளிப்படங்களையும் குறிப்பேட்டில் எழுதி ஒப்புருவுடன் சேர்த்து வைத்தால், எது மூலத்தில் இருந்தது, எது செய்தவரின் ஊகம் என்பதைப் பின்னர் வருவோர் பிரித்தறியலாம்.