கச்சேரி மேடையில் கேமரா ஏன் தவிக்கிறது?

ஆடி பிறந்துவிட்டால் பெரியபாளையம் சாலையில் வண்டி நகராது. பவானி அம்மன் கோயில் என்றில்லை, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கமெல்லாம் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில்களில் பகலில் கூழ் வார்ப்பார்கள், இரவில் பாட்டுக் கச்சேரி வைப்பார்கள். சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு கேமராப் பையோடு அந்த மேடைகளுக்கு முன்னால் வந்து நிற்கும் தம்பிகள் உண்டு. அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணா, பகல்ல டக்குனு பிடிக்குது. மேடையில ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைஞ்சிக்கிட்டே இருக்கு. கேமரா போயிடுச்சா?"

கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. டீ சொல்லியாச்சு, முதலிலிருந்து பார்ப்போம்.

நிகான் எஃப்எம்2 மாதிரி பழைய ஃபிலிம் கேமராவில் கண் வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். அதற்குள் உருவம் இரண்டாக வெட்டுப்பட்டுத் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டு பாதியும் நகர்ந்து வந்து ஒட்டும். ஒட்டிய இடம்தான் ஃபோகஸ். 1985-ல் மினோல்டா 7000 வந்த பிறகு, இந்த வேலையை நம் கண்ணிடமிருந்து கேமராக்கள் மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டன. இன்றைய ஃபேஸ் டிடெக்ட் (phase detect) ஆட்டோ ஃபோகஸின் உள்ளேயும் நடப்பது அதுதான். லென்ஸின் இரு பக்கங்கள் வழியாக வரும் பிம்பங்களை ஒப்பிட்டு, எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளந்து, மோட்டாரை அந்த அளவுக்கு நகர்த்துகிறது.

ஒட்டிப் பார்க்க ஒரு கோடு வேண்டுமே! ஒரு விளிம்பு, வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற ஓர் இடம். நண்பகலில் சுண்ணாம்பு அடித்த வெறும் சுவரைக் காட்டிப் பாருங்கள், கேமரா அங்கேயும் அலையும். மங்கலான டியூப்லைட்டில் விபூதிப் பட்டை போட்ட நெற்றியைக் காட்டுங்கள், பிடித்துவிடும். ஆகவே இருட்டு பாதிக் குற்றவாளிதான். மீதிப் பழி, கோடுகளை அழிக்கும் மேடை விளக்குகளுடையது.

முன்பெல்லாம் மேடையில் ஹாலோஜன் விளக்கு. சூடு தாங்காது, கரண்டும் குடிக்கும். ஆனால் அதில் எல்லா நிறமும் கலந்திருந்தது. இப்போது வருவது எல்இடி பார் லைட். அது சிவப்பு என்றால் சிவப்பு மட்டும், நீலம் என்றால் நீலம் மட்டும். கேமரா சென்சாரில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, கால்வாசி சிவப்புக்கு, கால்வாசி நீலத்துக்கு. தனி நீலம் விழும்போது முக்கால்வாசிப் புள்ளிகளுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை.

முகத்தில் நடப்பதையும் கவனியுங்கள். சிவப்பு விளக்கில் உதடும் கன்னமும் ஒன்றாகிவிடும், தோல் வழவழவென்று தெரியும், நெற்றிக் குங்குமம் காணாமலே போய்விடும். நீல விளக்கு வந்தால் நம் மாநிறத் தோல் அந்த ஒளியை விழுங்கி இருண்டுவிடும். சிவப்பில் மறைந்த குங்குமம் இப்போது கறுப்புப் பொட்டாகத் தெரியும். விபூதி இரண்டிலும் பளிச்சென்று நிற்கும். எந்த நிறத்தில் முகத்தின் எந்தக் கோடு மிஞ்சுகிறது என்று கண் பழகிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. ஃபோகஸ் புள்ளியை அங்கே கொண்டுபோய் வையுங்கள்: புருவம், காலர் ஓரம், தோடு, ஜரிகைக் கரை.

புகை மிஷின் இருக்கிற கோடுகளையும் கழுவிவிடும். அதைவிடப் பெரிய வம்பு பின்னால் நிற்கும் எல்இடி திரை. பாடகரின் முகம் அதில் பத்தடி உயரத்துக்கு, வெளிச்சமாக, கூர்மையாக ஓடும். முகத்தைத் தேடும் கேமரா அந்த முகத்தைப் பிடித்துக்கொள்ளும். நிஜ ஆள் முன்னால் மங்கிப் போவார். அப்படிப்பட்ட மேடையில் முகம் தேடும் வசதியை அணைத்துவிட்டு ஒற்றைப் புள்ளிக்கு மாறுங்கள். கேனான் 1500டி போன்ற கேமராக்களில் நடுப்புள்ளி மட்டும்தான் குறுக்குக் கோடு, நெடுக்குக் கோடு இரண்டையும் படிக்கும். இருட்டில் அதைத்தான் நம்ப வேண்டும்.

மைக்கின் கம்பி வலை கேமராவுக்கு ரொம்பப் பிடித்த இடம். அத்தனை கோடுகள் அதில். ஆனால் ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-ல் திறந்து மூன்று மீட்டரில் நிற்கிறீர்கள் என்றால், கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 13 செ.மீ. முன்னால் பாதி, பின்னால் பாதி. மைக்கில் பிடித்தால் கண் அந்த எல்லைக்கு வெளியே போய்விடும். மைக் தெளிவாகவும் கண் சோர்ந்தும் விழும் படங்கள் இப்படி வருபவைதான். பக்கவாட்டில் நகர்ந்து, மைக் முகத்தை மறைக்காத கோணத்துக்குப் போய்விடுங்கள்.

எனக்குப் பிடித்த வழி இன்னொன்று. ஃபோகஸ் வேலையை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்து, பின்பக்கத்து பட்டனுக்கு மாற்றிவிடுங்கள். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வெள்ளை விளக்கு ஒரு கணம் வரும். அப்போது கண்ணில் பிடித்து, விரலை எடுத்துவிடுங்கள். மைக் ஸ்டாண்ட் எங்கும் ஓடாது, பாடுபவர் அங்கேதான் திரும்பி வருவார். கீபோர்டுக்காரரும் தபேலாக்காரரும் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார்கள். ஆடிக்கொண்டே அடிக்கும் பறைக் கலைஞர்களுக்கு இது உதவாது. அங்கே தொடர் ஃபோகஸை வைத்து, பறையின் விளிம்பைத் துரத்த வேண்டியதுதான்.

ஃபோகஸ் தவறுவதும் கை ஆடுவதும் வேறு வேறு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முகத்துக்கு முன்னாலோ பின்னாலோ ஏதாவது கூர்மையாக இருந்தால் அது ஃபோகஸ் பிழை. எதுவுமே கூர்மையில்லாமல், விளக்குப் புள்ளிகள் கோடாக இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. 1/250-க்கு ஏற்றிவிட்டு ஐஎஸ்ஓ 3200, 6400 என்று போங்கள். மணல்மணலாகத் தெரிகிற படத்தைப் பார்க்க முடியும், குழம்பிய படத்தை யார் பார்ப்பார்கள்?

புது கேமரா வாங்கலாமா? 2014-ல் வந்த நிகான் டி750 மைனஸ் 3 இவி வெளிச்சம் வரை ஃபோகஸ் செய்யும் என்றார்கள். 2020-ல் கேனான் ஆர்6-க்கு அது மைனஸ் 6.5. ஒவ்வொரு இவி-க்கும் வெளிச்சம் பாதியாகக் குறையும் என்பதால் இது பெரிய தாவல்தான். ஆனால் அது எஃப் 1.2 லென்ஸ் போட்டுச் சொன்ன கணக்கு. தவிர, கோடே இல்லாத முகத்தில் எந்த இவி-யும் கோடு போட்டுத் தராது. முதலில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்குங்கள். கிட் லென்ஸின் எஃப் 5.6-ஐவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஃபோகஸுக்கு உதவும் விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள். சில மீட்டருக்கு மேல் அதற்கு எட்டாது, பாடுகிறவர் கண்ணைத்தான் கூச வைக்கும்.

2018 ஜனவரியில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு சென்னையில் முதன்முதலாக மேடையேறியபோது, கானா பாடகர்கள் கோட்டு சூட்டில் நின்ற நிமிர்வை அங்கே போகாதவர்களும் கண்டது படங்களில்தான். நம் பக்கத்து மெல்லிசைக் குழுக்களுக்கும் கானாப் பாடகர்களுக்கும் ஒரு நல்ல படம் அடுத்த புக்கிங்குக்கு வழி. அதனால் விழாக் கமிட்டிக்காரர்களிடமும், ஆயுத பூஜைக்கு மேடை போடும் கம்பெனிக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள்: லைட் செட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே, பாடுபவர் முகத்துக்கு முன்பக்கத்திலிருந்து ஒரு வார்ம் ஒயிட் விளக்கு கச்சேரி முடியும்வரை எரிய வேண்டும் என்று லைட்காரரிடம் சொல்லிவிடுங்கள்.