எதை அறியப் பரீட்சை வைக்கிறோம்?

503இலிருந்து 278ஐக் கழிக்கும்படி நான்காம் வகுப்பில் ஒரு கணக்குக் கொடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சரியான விடை 225. ஒரு குழந்தை 375 என்று எழுதுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தை 325 என்று எழுதுகிறது. இரண்டு விடைகளின் மேலும் சிவப்பு மையினால் ஒரே குறி விழுகிறது; மதிப்பெண் பதிவேட்டில் இரண்டு பெயர்களுக்கு நேரேயும் ஒரே பூஜ்யம் ஏறுகிறது. ஆனால் அந்த இரண்டு குழந்தைகளுக்கும் நேர்ந்திருக்கும் சங்கடம் ஒன்றல்ல. முதற்குழந்தை, மேல்வரிசை எது, கீழ்வரிசை எது என்று பாராமல், ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்துவிட்டது: 8இல் 3 போக 5, 7இல் பூஜ்யம் போக 7, 5இல் 2 போக 3. கடன் வாங்குதல் என்ற காரியமே அதன் மனத்தில் இன்னும் குடிபுகவில்லை. இரண்டாவது குழந்தைக்கோ கடன் வாங்கத் தெரியும்; நடுவிலிருக்கும் பூஜ்யத்தை 9 ஆக்கவும் தெரியும்; அந்தக் கடன் நூறுகளின் இடத்திலிருந்து வந்தது, ஆகையால் அங்கே இருந்த 5 இனி 4தான் என்பது மட்டும் நழுவிவிட்டது. முதற்குழந்தைக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டுகளைக் கையில் கொடுத்துக் கழித்தலை அடியிலிருந்து காட்ட வேண்டும். இரண்டாவதற்கு நடுவில் பூஜ்யம் வரும் கணக்குகள் நாலைந்து போட்டால் போதும்.

1978இல் அமெரிக்காவில் ஜான் சீலி பிரௌன், ரிச்சர்டு பர்ட்டன் என்ற இருவர் கழித்தற் கணக்குகளில் பிள்ளைகள் செய்யும் தவறுகளை நுணுகி ஆராய்ந்து, அவற்றில் பல கவனக் குறைவினால் நேர்வனவல்ல, தாமே வகுத்துக்கொண்ட ஒரு தவறான விதியைப் பிள்ளைகள் ஒழுங்காக அனுசரிப்பதால் நேர்வன என்று காட்டினார்கள். அந்த விதி இன்னதென்று கண்டுகொண்டால்தான் உபாத்தியாயர் அதைத் திருத்த முடியும். அதைப் பூஜ்யம் என்ற மதிப்பெண் அவருக்குச் சொல்வதில்லை.

மாணவர் கற்றதை அளக்க எந்த முறை உத்தமமானது என்று கேட்பவர்கள் அதற்கு முந்திய கேள்வி ஒன்றை முதலில் தீர்த்துக்கொள்வது நல்லது. அளந்து அறிந்தபின் என்ன செய்யப் போகிறோம்? நாளைக்கு எந்த இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்குவது என்று தீர்மானிக்கப் போகிறோமா, ஆயிரக்கணக்கானவர்களில் யாருக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கொடுப்பது என்று தீர்மானிக்கப் போகிறோமா, அல்லது ஒரு மாவட்டத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிக்கிறார்களா என்று அரசாங்கம் தெரிந்துகொள்ளப் போகிறதா? நெல்லை அளக்கும் படியால் ஒருவரும் பொன்னை அளப்பதில்லை. பரீட்சை விஷயத்தில் மட்டும் ஒரே மூன்று மணி நேர வினாத்தாளைக் கொண்டு இவை அனைத்தையும் அளந்துவிடலாம் என்று நெடுங்காலமாக நம்பி வந்திருக்கிறோம்.

கற்றுக்கொண்டிருக்கும்போதே போக்கைத் திருத்துவதற்காகச் செய்யும் மதிப்பீடு ஒன்று, கற்று முடித்தபின் பலனைக் கணிப்பதற்காகச் செய்யும் மதிப்பீடு மற்றொன்று என்ற பாகுபாட்டை 1967இல் மைக்கேல் ஸ்கிரிவன் என்ற அறிஞர் தெளிவாக வகுத்தார். நம் பள்ளிகளில் அவற்றுக்கு வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்ற அழகான பெயர்கள் வழங்குகின்றன. 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரையில் நடைமுறைக்கு வந்தபோது, முன்னதற்கு 40 மதிப்பெண், பின்னதற்கு 60 என்று ஏற்பாடாயிற்று. உத்தேசம் உயர்ந்தது, அதன் கதி என்னவாயிற்று என்பதைப் பின்னால் பார்ப்போம்.

நோக்கத்தைத் தீர்மானித்த பிறகு, கற்ற பொருளின் சுபாவத்தைப் பார்க்க வேண்டும். தமிழ் இலக்கணத்திலிருந்தே ஒரு திருஷ்டாந்தம் சொல்லலாம். “குற்றியலுகரம் என்றால் என்ன?” என்று கேட்டால், வல்லின மெய்யை ஊர்ந்து வரும் உகரம் தன் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறைந்து ஒலிப்பது என்று மனப்பாடம் செய்த மாணவன் ஒப்பித்துவிடுவான். அதே மாணவனிடம் காடு, பசு, பாட்டு, கதவு என்ற நான்கு சொற்களைக் கொடுத்து, இவற்றுள் குற்றியலுகரம் எவை, எவை அல்ல, ஏன் என்று கேட்டுப் பாருங்கள். ‘கதவு’ என்பதன் இறுதி உகரம் வல்லினத்தை ஊர்ந்து வரவில்லையென்று சுலபமாகத் தள்ளிவிடுவான். ‘பசு’ என்ற சொல்லிலே அவனுக்குக் கால் தடுக்கும். அங்கே வல்லின உகரந்தான் இருக்கிறது, ஆனால் தனிக்குறிலை அடுத்து வந்திருப்பதால் அது குறைவதில்லை. இதை வாயால் சொல்லிப் பார்த்து, காதால் கேட்டு, ‘காடு’ என்பதோடு ஒப்பிட்டுக் காரணம் கூறும் பிள்ளைதான் இலக்கணத்தைக் கற்ற பிள்ளை. முதல் கேள்வி ஞாபகத்தை மட்டும் சோதிக்கிறது. இரண்டாவது கேள்வி கிரகிப்பைச் சோதிக்கிறது. அறிதல், புரிதல், பிரயோகித்தல், பகுத்தாராய்தல் என்று மேல்நோக்கிப் போகும் படிகளை 1956இல் பெஞ்சமின் புளூமும் அவருடைய சகாக்களும் வகுத்துக் கொடுத்தது இந்த வித்தியாசத்தை உபாத்தியாயர்கள் மறவாமலிருக்கவே. அந்தப் புளூம் 1950களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கே வந்து, பரீட்சைச் சீர்திருத்தத்துக்கான பயிலரங்குகளை நம் ஆசிரியர்களுக்கு நடத்தியவர்.

சில கல்விகள் காகிதத்துக்கு அகப்படவே மாட்டா. பியூரெட்டைத் திறந்து துளித்துளியாக விட்டு, நிறம் மாறுகிற அந்தக் கணத்தில் நிறுத்துகிற கை, எழுத்துப் பரீட்சையில் தெரிவதில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கு அச்சிட்ட வினாத்தாளைக் கொடுத்து அதன் அறிவைச் சோதிப்பது அநியாயம். பிரதம் என்ற தொண்டு நிறுவனத்தின் முயற்சியால் 2005 முதல் நடந்துவரும் ‘அசர்’ என்ற கிராமப்புறக் கணக்கெடுப்பில், தொண்டர் வீட்டுக்கே சென்று குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, எழுத்துக்கள், சொற்கள், ஒரு சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு கதை ஆகியவற்றைக் காட்டி வாய்விட்டு வாசிக்கச் சொல்கிறார். மதிப்பெண் எதுவும் இல்லை. குழந்தை எந்த நிலையில் நிற்கிறது என்பது சில நிமிஷங்களில் விளங்கிவிடுகிறது. ஒரு பிரதேசத்தின் நிலைமையை அறிய ஏற்பட்ட சாதனம் அது. ஆயினும் அதன் எளிமையிலிருந்து எந்த வகுப்பாசிரியரும் பாடம் கற்கலாம்.

‘ஒரு மார்க்’ கேள்வி என்று நாம் அலட்சியமாகப் பேசும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாவையும் முற்றிலும் தள்ளிவிட வேண்டியதில்லை. அதன் குணமும் தோஷமும் அதைத் தயாரிப்பவர் கையில் இருக்கின்றன. மேலே சொன்ன கழித்தல் கணக்குக்கு 225, 222, 228, 200 என்று நான்கு விடைகளைக் கொடுத்தால், தவறாகத் தேர்ந்தெடுத்த பிள்ளையைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. 225, 375, 325, 781 என்று கொடுத்தால் ஒவ்வொரு தவறும் பேசும்: 375 என்றால் கடன் வாங்கவே தெரியவில்லை, 325 என்றால் வாங்கிய கடனைக் கணக்கில் கொள்ளவில்லை, 781 என்றால் குறியைப் பாராமல் கூட்டிவிட்டது. இவ்விதம் தவறான விடைகளை யோசித்து அமைப்பது சரியான விடையை அமைப்பதைக் காட்டிலும் பன்மடங்கு சிரமமான வேலை. வருஷக்கணக்காகப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தியவர்களால்தான் அதைச் செய்ய முடியும். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டும் மதிப்பெண் வாங்கலாம் என்பதும், ஒரு கருத்தைக் கோவையாக எடுத்துரைக்கும் ஆற்றல் இவ்வகை வினாவில் வெளிப்படாது என்பதும் மறுக்க முடியாத குறைகள்.

அந்த ஆற்றலைக் காண்பதற்காகக் கட்டுரை வினாவுக்குப் போனால் அங்கே வேறொரு சங்கடம் காத்திருக்கிறது. 1912இல் அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்டு எலியட் என்ற இருவர் ஓர் ஆங்கில விடைத்தாளைப் பிரதி எடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பி, நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களைத் தனித்தனியே திருத்தச் சொன்னார்கள். ஒரே விடைத்தாளுக்கு ஒருவர் 100க்கு 64 போட்டார், இன்னொருவர் 98 போட்டார். மொழிப்பாடமாயிற்றே, ரசனை வித்தியாசப்படும் என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். மறு வருஷம் வடிவகணித விடைத்தாள் ஒன்றை அதே விதமாக அனுப்பியபோது மதிப்பெண்கள் 28 முதல் 90க்கு மேல் வரை பரந்து கிடந்தன. கணக்கிலே வித்தியாசம் இன்னும் அதிகம்! விடை மட்டும் சரியானால் போதுமா, வழிமுறைக்கு எவ்வளவு, படத்துக்கு எவ்வளவு, கையெழுத்துக்கு எவ்வளவு என்று ஒவ்வொருவரும் மனத்துக்குள் ஒவ்வொரு கணக்கு வைத்திருந்ததே காரணம். ஒரு மதிப்பெண்ணில் ஒரு பிள்ளையின் எதிர்காலம் திசைமாறும் தேசத்தில் இந்தச் செய்தியை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இதற்குப் பரிகாரங்கள் உண்டு. திருத்துமுன்பே விடைக்குறிப்பை வகுத்து, எந்தக் கருத்துக்கு எவ்வளவு என்று பங்கிட்டுக்கொள்வது; எழுதியவர் பெயர் தெரியாதபடி செய்வது; ஒரு மாணவனுடைய தாளை முதலிலிருந்து கடைசி வரை திருத்திவிட்டு அடுத்ததை எடுக்காமல், எல்லாத் தாள்களிலும் முதல் வினாவை முடித்துவிட்டு இரண்டாவதற்குப் போவது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. நம் பொதுத்தேர்வுகளில் முதல் இரண்டும் நடைமுறையில் உள்ளன. மூன்றாவதைச் சாதாரண வகுப்புத் தேர்வில் எந்த ஆசிரியரும் காசு செலவில்லாமல் செய்யலாம். முதல் விடை நன்றாக இருந்தால் அந்தப் பிரியம் அடுத்த விடைக்கும் தொற்றிக்கொள்ளும் தோஷம் அதனால் விலகும்.

சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952இல் அமைக்கப்பட்ட இடைநிலைக் கல்விக் குழு, மறு வருஷம் அளித்த அறிக்கையில், வெளித்தேர்வுகளைக் குறைக்க வேண்டும், பள்ளியில் நடந்த தேர்வுகளுக்கும் மாணவரின் பள்ளிப் பதிவேட்டுக்கும் இறுதிக் கணிப்பில் உரிய மதிப்புத் தர வேண்டும், துல்லியம் போலத் தோன்றும் எண்களுக்குப் பதிலாக ஐந்து தரநிலைகளைக் கொண்ட குறியீடுகளே போதும் என்று பரிந்துரைத்தது. ஒரு தமிழர் தலைமையில் வந்த இந்த யோசனைகளை எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் புதிது போலவே விவாதித்துக்கொண்டிருக்கிறோம்.

பரீட்சை எப்படியோ, படிப்பும் அப்படியே அமையும். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி வரும் என்று புளூபிரிண்ட் முன்னதாகவே சொல்லிவிட்ட காலத்தில், சில பாடங்களைத் தொடாமலே ‘சென்டம்’ வாங்குவது எப்படி என்று சொல்லித்தருவதே பல இடங்களில் போதனையாயிற்று. பதினோராம் வகுப்புப் பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போடச் செய்த பள்ளிகளைத் தடுக்கும் பொருட்டு, 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. மூன்று வருஷம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்ற பாரம் பிள்ளைகளின் தலையில் ஏறியது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அதை நீக்கிவிட்டது. நீக்கியது சரியே. பள்ளி நிர்வாகத்தின் ஒழுங்கைச் சோதிக்க வேண்டிய வேலையை மாணவனுடைய பரீட்சையிடம் ஒப்படைத்ததுதான் பிழை.

வளரறி மதிப்பீட்டின் கதிக்கு வருவோம். 40 மதிப்பெண் என்று எண் கொடுத்த மாத்திரத்தில், அது திருத்துவதற்கான சாதனமாக இல்லாமல் சேர்த்துக் காட்ட வேண்டிய தொகையாகிவிட்டது. கடையில் வாங்கி ஒட்டிய படங்களும், பெற்றோர் இரவில் உட்கார்ந்து செய்துகொடுத்த தெர்மாகோல் மாதிரிகளும், ஆண்டு இறுதியில் ஒரே மூச்சில் பூர்த்தி செய்த பதிவேடுகளும் பெருகின. 1988இல் இஸ்ரேலில் ரூத் பட்லர் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு செய்த சோதனை இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. ஒரு பிரிவினருக்கு மதிப்பெண் மட்டும், இன்னொரு பிரிவினருக்கு எழுத்தில் குறிப்புரை மட்டும், மூன்றாம் பிரிவினருக்கு இரண்டும் தரப்பட்டன. குறிப்புரை மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள்; இரண்டும் பெற்றவர்களுக்குக் குறிப்புரையால் பிரயோஜனம் இல்லாமற் போயிற்று. எண்ணைப் பார்த்த கண் எழுத்தைப் பார்ப்பதில்லை போலும்.

மதிப்பெண் இல்லாத சிறு தேர்வு வீண் என்றும் நினைத்துவிடக் கூடாது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களையும், ஒருமுறை படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிஷத்துக்குப் பின் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களிடமே அதிகம் தங்கியிருந்தது. ஆகவே நினைவிலிருந்து எடுத்து எழுதும் காரியமே ஒரு கல்விதான்.

இதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. பாடவேளையின் கடைசி ஐந்து நிமிஷத்தில், கரும்பலகையில் ஒரே கேள்வியை எழுதி, அரைத்தாளில் விடையெழுதி வாங்கிக்கொள்ளலாம். அவற்றை மூன்றாகப் பிரித்து வைக்க, நாற்பது பேர் உள்ள வகுப்பானாலும், சிறிது நேரமே ஆகும்: புரிந்தவர்கள், ஒரே விதமாகத் தவறியவர்கள், ஒன்றும் எழுதாதவர்கள். மறுநாள் பாடத்தை இரண்டாவது கட்டிலிருந்து ஆரம்பித்து, மூன்றாவது கட்டினரைத் தனியே கூப்பிட்டு உட்கார்த்தி வைத்துக்கொள்ளலாம். கொரோனாக் காலத்தில் ஏற்பட்ட இடைவெளியை நிரப்ப 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பதன் தத்துவமும் இதுவே. ஆனால் அங்கும் செயலியில் விவரம் ஏற்றும் வேலை ஆசிரியரின் நேரத்தை விழுங்குகிறது என்ற முறையீடு ஆரம்பமுதல் இருந்துவருகிறது. ஒரு விடைத்தாளை ஏந்தி, இந்தக் குழந்தை ஏன் இப்படி எழுதிற்று என்று யோசிக்க ஆசிரியருக்கு நாள்தோறும் கால் மணி நேரமாவது ஓய்ந்திருக்க வேண்டும். அந்தக் கால் மணியை மீட்டுத் தருவதற்கு, மேலிடத்துக்கு அனுப்பப்படும் புள்ளிவிவரங்களில் எவற்றை நிறுத்தலாம் என்று கல்வித்துறை அதிகாரிகள் பட்டியல் எடுக்கட்டும்.