பல் முளைக்கும் பருவம்: பச்சிளங் குழந்தையின் ஈறு வலியைத் தணிப்பது எப்படி?



ஆறு மாதம் வரை சிரித்து விளையாடிய குழந்தை திடீரென்று சிணுங்கத் தொடங்கும். எச்சில் வழிந்து சட்டை நனையும். கைக்கு எட்டியதெல்லாம் வாய்க்குப் போகும். "பல் முளைக்கப் போகிறது" என்று வீட்டிலுள்ள நன்னிமார்கள் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அதன்பின் வருகின்ற காய்ச்சல், வயிற்றுப்போக்கு அனைத்தையும் பல்லின் மேலேயே போட்டுவிட்டு நாம் வாளாவிருந்தால், அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. எர்ணாவூர் போன்ற பகுதிகளில் வாழும் தாய்மார்கள் இதனை நன்கு அறிந்திருத்தல் அவசியம்.

ஈறு ஏன் நோகிறது?

பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறாவது மாதத்தை ஒட்டி முதற் பல் வெளிவரும். நான்கு மாதத்தில் முளைப்பதும் உண்டு. ஓராண்டு வரை தாமதிப்பதும் உண்டு. முதலில் கீழ்த்தாடையின் நடுப்பற்கள் இரண்டும், பிறகு மேல்தாடையின் நடுப்பற்களும் தோன்றும். மூன்று வயதுக்குள் 20 பால் பற்களும் நிறைந்துவிடும். பல் ஈற்றைக் கிழித்துக்கொண்டு வரும் சில நாட்களில் அவ்விடம் சிவந்து, சற்றே வீங்கி நோகும். பல் வெளிவந்ததும் நோவு தானே அடங்கிவிடும்.

வீட்டிலேயே செய்யத் தக்கவை

கையைச் சோப்பிட்டுக் கழுவி, ஆட்காட்டி விரலால் ஈற்றை மெல்ல அழுத்தித் தேய்த்துவிடுங்கள். இதைவிட எளிய, செலவற்ற மருந்து வேறில்லை. சுத்தமான மெல்லிய துணியைக் கொதித்து ஆறிய நீரில் நனைத்துப் பிழிந்து, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் சிறிது நேரம் வைத்தெடுத்துக் கடிக்கக் கொடுக்கலாம். பனிக்கட்டியாக உறைந்த பொருள் ஈற்றைப் புண்ணாக்கும், அது வேண்டாம். ரப்பர் வளையம் வாங்கினால், உள்ளே நீர் நிரப்பாத கெட்டியான வளையமாகப் பார்த்து வாங்குங்கள். ஆறு மாதம் கடந்த பிள்ளைக்குக் குளிர்ந்த தயிர், மசித்த வாழைப்பழம் இதமளிக்கும். வழியும் எச்சிலை அவ்வப்போது ஒற்றியெடுங்கள், முகவாய் புண்ணாகாது.

"பல் வந்துவிட்டது, கடிக்கிறான், பாலை நிறுத்திவிடு" என்பார்கள். இதற்குச் செவிசாய்க்காதீர்கள். பாலூட்டலை நிறைவுசெய்ய விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் எனத் திருக்குர்ஆன் (2:233) காலம் குறித்திருக்கிறது. கடித்தால் மெல்ல விலக்கி, சற்றுப் பொறுத்து மீண்டும் கொடுங்கள். ஓரிரு நாட்களில் பிள்ளை கற்றுக்கொள்ளும்.

தவிர்க்க வேண்டியவை

ஈற்றில் தேன் தடவும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தேனில் நிவாரணம் உண்டென்று திருமறை (16:69) கூறுகிறது, அதில் ஐயமில்லை. எனினும் தேனில் சில வேளை பொட்டுலினம் என்னும் கிருமியின் வித்துகள் கலந்திருக்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் முதிராத குடலில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கினால், தசைகள் தளர்ந்து மூச்சே தடைப்படக்கூடும். பெருநாள் பிரியாணி எவ்வளவு நல்ல உணவாயினும் பல்லில்லாப் பிள்ளைக்கு ஊட்டுவோமா? அதுபோலத் தேனுக்கும் உரிய வயது உண்டு.

'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர் பெற்ற வசம்பைக் கையில் கோத்துக் கட்டுவதும், உரைத்துப் புகட்டுவதும் மற்றொரு வழக்கம். மணி கழன்றால் தொண்டையில் சிக்கும். கழுத்தில் கட்டும் எந்தக் கயிறும், மாலையும் உறக்கத்தில் இறுக்கிவிடலாம். 18 மாதக் குழந்தை ஒன்று இத்தகைய மாலையால் இறந்ததைச் சுட்டி, 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. மரத்துப்போகச் செய்யும் பென்சோகைன் களிம்புகளை இரண்டு வயதுக்குட்பட்டோருக்குப் பயன்படுத்தக் கூடாதென்றும் அதே ஆண்டில் அது அறிவித்தது. அம்மருந்து இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்துவிடக்கூடும்.

மருந்துப் புட்டியின் கதை

அழும் பிள்ளையை உறங்க வைக்கும் மருந்துகளின் வரலாறு கசப்பானது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்று விற்ற 'மிஸஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப்'பில் அபினின் சத்தான மார்பின் இருந்தது. உறங்கிய மழலைகள் பலர் எழவே இல்லை. இங்கிலாந்தில் விற்ற பல் பொடிகளில் பாதரசம் கலந்திருந்தது; 1950களில்தான் அது கைவிடப்பட்டது. 2008இல் நைஜீரியாவில் 'மை பிக்கின்' என்னும் பல் வலிச் சிரப்பில் டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு கலந்து, 84 குழந்தைகள் மாண்டனர். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் பல குழந்தைகளைப் பலிகொண்ட 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்திலும் அதே நச்சே இருந்தது. அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்!

ஆகவே மருத்துவர் எழுதாத எந்தச் சிரப்பையும் புகட்டாதீர்கள். நோவு மிகுந்தால் பாராசிட்டமால் எழுதுவார்; எடைக்கேற்ற அளவை அவரே குறிப்பார். இதன் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சாதாரணச் சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125 மில்லிகிராம்தான். சிரப்பின் அளவில் சொட்டு மருந்தைக் கொடுத்தால் நான்கு மடங்கு ஏறிவிடும்.

பல்லின் மேல் பழி வேண்டாம்

பல் முளைப்பதால் 100.4 டிகிரியைத் தாண்டும் காய்ச்சல் வருவதில்லை, பேதியும் வருவதில்லை. பிறகு ஏன் இவை ஒரே காலத்தில் வருகின்றன? தாயிடமிருந்து கருவிலே பெற்ற நோய் எதிர்ப்பாற்றல் ஆறாம் மாதத்தை ஒட்டிக் குறைகிறது. அப்போதுதான் பிள்ளை தவழ்கிறது, தரையில் கிடப்பதை வாயிலிடுகிறது, வெளி உணவும் தொடங்குகிறது. எர்ணாவூரில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி வீட்டுத் தரை வரை படிகிறது. குடத்திலும் டிரம்மிலும் நீரைப் பிடித்து வைத்துப் புழங்கும் வீடுகளும் அநேகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தோடு எண்ணெயும் இப்பகுதி வீடுகளுக்குள் புகுந்ததை யார் மறப்பார்? இத்தகைய இடத்தில் வரும் பேதியைப் 'பல் பேதி' என்று விட்டுவைத்தால், உடலின் நீர் வற்றி, சில மணி நேரத்திலேயே குழந்தை துவண்டுவிடும்.

பேதி கண்டால் தாய்ப்பாலை நிறுத்தாமல், உப்பு சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். பொடியைப் பாக்கெட்டில் குறித்த அளவு கொதித்து ஆறிய நீரில் கலந்து, கரண்டி கரண்டியாகப் புகட்டுங்கள். 1971இல் வங்கதேசப் போரின்போது பங்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் எத்தனையோ காலரா நோயாளிகளைக் காத்தது இக்கரைசலால்தான். துத்தநாக மாத்திரையை மருத்துவர் சொன்னபடி 14 நாட்கள் தர வேண்டும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவை இலவசமாகக் கிடைக்கும்.

கண் குழிதல், ஆறு மணி நேரம் சிறுநீர் கழியாமை, அழுதும் கண்ணீர் வராமை, பால் குடிக்க மறுத்தல், மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பொழுது விடியக் காத்திராதீர்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கோ உடனே புறப்படுங்கள். 108க்கு அழைத்தால் வண்டி வரும்.

முதற் பல் தலைகாட்டிய நாளிலிருந்தே காலையிலும் இரவிலும் அதைத் துடைத்துவிடுங்கள். பால் புட்டியை வாயில் வைத்தபடி உறங்க விடாதீர்கள், பல் சொத்தையாகிவிடும்.

இரவெல்லாம் பிள்ளையைத் தோளில் சுமக்கும் பொறுப்பு தாய்க்கு மட்டும் உரியதன்று. அத்தாமார்களும் ஒரு சாமம் ஏந்திக்கொண்டால் உம்மாவின் கண்ணும் சற்று அயரும். அல்லாஹ் தந்த அமானிதமாகிய நம் மழலைகள் நோயின்றி வளர அவனே அருள்புரிவானாக! ஆமீன்.