உங்களுக்குத் தெரியுமா? வேற்றுக்கிரக விலங்கு நம்மோடு ஒட்டுமா?

★ வேற்றுக்கிரக உயிர் எப்படியிருக்கும் என்று பார்க்க விண்கலம் ஏற வேண்டாம். கடலில் இறங்கினால் போதும். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், நீல ரத்தம். சுமார் 50 கோடி நரம்பணுக்களில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கிறது. நமக்கும் அதற்கும் பொதுவான மூதாதை, 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த புழு போன்ற ஏதோ ஒன்று.

★ அப்பேர்ப்பட்ட ஆக்டோபஸ் ஆளை அடையாளம் வைத்துக்கொள்ளும்! அமெரிக்காவின் சியாட்டில் நகர மீன்காட்சியகத்தில், பசிபிக் ராட்சத ஆக்டோபஸ்களிடம் இரண்டு பேர் ஒரே மாதிரிச் சீருடையில் போனார்கள். ஒருவர் இரை கொடுத்தார். மற்றவர் சொரசொரப்பான குச்சியால் சீண்டினார். இரண்டே வாரத்தில், இரை கொடுத்தவரை நெருங்கின. சீண்டியவரைக் கண்டாலே விலகின. ஆய்வு வெளியானது 2010-இல்.

★ ஆனால் அடையாளம் தெரிவது வேறு, ஒட்டுதல் வேறு. நாயும் அதை வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்தால் இரு பக்கமும் ஆக்ஸிடோசின் ஏறுகிறது. தாய்க்கும் சேய்க்கும் நடுவே வேலை செய்யும் அதே ஹார்மோன். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-இல் சொன்னது இது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை.

★ ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க்கில் 1959-இல் மரபியலாளர் திமித்ரி பெல்யாயெவ் வெள்ளி நரிகளை வளர்க்கத் தொடங்கினார். மனிதரைக் கண்டு சீறாத நரிகளை மட்டும் இணை சேர்த்தார். ஆறாம் தலைமுறையிலேயே சில குட்டிகள் வாலாட்டின, கையை நக்கின.

★ லண்டன் கடையொன்றில் 1969-இல் வாங்கப்பட்ட சிங்கக்குட்டி கிறிஸ்டியன். கென்யக் காட்டில் விடப்பட்டது. 1971-இல் பார்க்கப்போன பழைய எஜமானர்கள் இருவரையும் ஓடிவந்து கட்டிக்கொண்டது. சிங்கம் கூட்டமாக வாழும் விலங்கு என்பதை மறக்க வேண்டாம்.

★ புலி தனிக்காட்டு ராஜா. லாஸ் வேகாஸ் மேடையில் 2003-இல் மாயவித்தைக் கலைஞர் ராய் ஹார்னின் கழுத்தைக் கவ்வி இழுத்தது, அவர் பழக்கிய வெள்ளைப் புலி. "என்னைக் காப்பாற்றத்தான் இழுத்தது" என்பதே ராய் கடைசிவரை சொன்னது. உடன் பணியாற்றிய பயிற்சியாளர் ஒருவர் அதை மறுத்தார். பாதி உடல் செயலிழந்த பிறகும் அந்தப் புலியின் மேல் ராய்க்கு இருந்த அன்பு குறையவில்லை. மனிதரின் பக்கம் ஒட்டுதல் எவ்வளவு எளிதில் வந்துவிடுகிறது!

★ முதுமலை தெப்பக்காட்டு முகாமில் பாகனின் ஒரு சொல்லுக்கு யானை மண்டியிடும். அதே ஆண் யானைக்கு மதநீர் வழியும் மாதங்களில் சங்கிலி போடுவார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நம்மோடு இருந்தும் யானை, நாயைப்போல வீட்டு விலங்காகவில்லை.

★ பெண் ராட்சத ஆக்டோபஸ் மாதக்கணக்கில் இரையெடுக்காமல் முட்டைகளைக் காக்கும். குஞ்சு பொரிக்கும் நேரத்தில் செத்துப்போகும். அதன் பிள்ளைகளுக்குத் தாய்முகம் தெரியாது. ஆளைத் தெரிந்துகொள்ளும் அறிவு இருந்தும் அங்கே பாசம் முளைக்க இடமில்லாமல் போவது இதனால்தான் என்பது என் எண்ணம். தெரியாத கோளொன்றில், பல்லும் நகமுமாக ஒன்று எதிரே வந்தால், அதன் பின்னால் குட்டி வருகிறதா என்றுதான் என் கண் தேடும். குட்டியோடு வரும் தாய் முதலில் பாய்ந்து கடிக்கும், தெரியும். ஆனாலும் ஒட்டுதல் என்ற ஒன்று அந்த உயிருக்குள் இருந்தால், அது அந்தக் குட்டியிடம்தான் தொடங்கியிருக்கும்.